எலிக்குக் குணமாகிவிட்டது, நமக்கு?

பந்து விளையாடப் போன பிள்ளை நொண்டிக்கொண்டு திரும்புகிறான். முன்பெல்லாம் இதற்கு ஒரு கிரமம் இருந்தது. பாட்டி விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தடவுவாள். உப்பு ஒத்தடம் கொடுப்பாள். மறுநாளும் வீக்கம் வடியாவிட்டால் ஆஸ்பத்திரி. எலும்பு முறிந்திருந்தால் மாவுக்கட்டு, இல்லாவிட்டால் புத்தூர்க் கட்டு. பிறகு, "மூன்று மாதம் ஓடாதே, குதிக்காதே" என்று ஓர் உத்தரவு. அவ்வளவுதான்.

இப்போது வைத்தியத்தைப் பிள்ளைகளே தேடிக்கொண்டு வருகிறார்கள். தேகப் பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்களாம். கைப்பேசியில் யாரோ காட்டினார்களாம். 'பெப்டைடு' என்று ஓர் ஊசி மருந்து இருக்கிறதாம். தினம் ஒரு தடவை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொண்டால் கிழிந்த ஜவ்வு தானே ஒட்டிக்கொள்ளுமாம். ஆறு மாதத்தில் ஆறுகிற காயம் ஆறு வாரத்தில் ஆறிவிடுமாம். குப்பி சின்னது, விலை பெரியது. "வாங்கலாமா, அப்பா?" என்று கேட்கிறான்.

என்ன பதில் சொல்வீர்கள்? "கண்டதையெல்லாம் போட்டுக்கொள்ளாதே!" என்று அதட்டினால் உங்களுக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்வான். விஷயத்தைத் தெரிந்துகொண்டு பேசுவதே நல்லது. ஆகவே, இந்த வாரம் அந்தக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

மணிமாலை

நம் உடம்பிலுள்ள புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்னும் சின்னஞ்சிறு மணிகளைக் கோத்த மாலைகள். மாலை நீளமாக இருந்தால் அதைப் புரதம் என்கிறோம். குட்டையாக இருந்தால் பெப்டைடு. இது ஒன்றும் புதிய சரக்கு அல்ல. உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே ஒரு பெப்டைடு இருக்கலாம். தாத்தா போட்டுக்கொள்ளும் இன்ஸுலின்தான் அது, 51 மணிகள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில், சர்க்கரை வியாதியால் சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அதை முதன்முதலாகச் செலுத்தினார்கள். அன்று முதல் இன்றுவரை அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை. பிரசவ அறையில் வலி எடுப்பதற்காகச் செலுத்தும் ஆக்ஸிடோசினும் பெப்டைடுதான். அதற்கு ஒன்பதே மணிகள்.

ஆகவே பெப்டைடு என்ற பெயரைக் கேட்டதும் பயமும் வேண்டாம், பக்தியும் வேண்டாம். எந்தப் பெப்டைடு, அது எந்தப் பரீட்சையில் தேறியது என்பதுதான் கேள்வி.

ஜோடி மருந்து

இன்று இளைஞர்களிடையே அதிகமாக அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று பி.பி.சி. 157; மற்றொன்று டி.பி. 500. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் அதற்கு 'வுல்வரீன் ஜோடி' என்று செல்லப் பெயர். வுல்வரீன் என்பவர் 1974-ல் அமெரிக்கச் சித்திரக் கதையில் தோன்றிய வீரர். சுட்டாலும் வெட்டினாலும் அவருடைய காயம் கணத்தில் மூடிக்கொள்ளும். கற்பனை வீரர் ஒருவரின் பெயரை இந்த மருந்துக்கு வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் பி.பி.சி. 157. இதன் பிறந்த வீடு குரோஷியா நாட்டின் தலைநகரமான ஸாக்ரெப். அங்குள்ள சர்வகலாசாலையில் பிரெட்ராக் ஸிகிரிச் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார்கள். மனிதனின் இரைப்பை நீரிலுள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று அவர்கள் சொல்லும் 15 மணி மாலை இது. 'உடலைக் காக்கும் பொருள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அந்த மூன்றெழுத்து.

எலியின் குதிகால் நாணை அறுத்துவிட்டு இந்த மருந்தைச் செலுத்தினார்கள். மருந்து பெற்ற எலிகளுக்கு நாண் சீக்கிரம் கூடிற்று, உறுதியாகவும் கூடிற்று. தசையை நசுக்கிப் பார்த்தார்கள். எலும்பில் குறை உண்டாக்கிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் நல்ல பலன். காயம்பட்ட இடத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதற்கு இது தூண்டுகிறது என்று காரணமும் சொன்னார்கள். பிரமாதந்தான்!

மனிதர்கள் விஷயம் என்ன? இங்கேதான் ஏடு மெலிந்துவிடுகிறது. 2015-ல் ஆரோக்கியமான 42 பேரைக் கொண்டு முதற்கட்டச் சோதனை ஒன்று ஏற்பாடாயிற்று; அதன் முடிவுகள் அச்சேறவே இல்லை. 2021-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, முழங்கால் வலிக்காக மூட்டில் ஊசி போட்டுக்கொண்ட 16 பேரைப் பிற்பாடு விசாரித்தது. பெரும்பாலோர் வலி குறைந்தது என்றார்கள். ஆனால், மருந்து இல்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று ஒரு கட்சி அதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இல்லாமல் எந்த நியாயத்தைக் கண்டுபிடிப்பது?

அடுத்தது டி.பி. 500. இதன் தாய், தைமோஸின் பீட்டா 4 என்ற 43 மணி மாலை. அது நம் உடம்பிலேயே சுரக்கிறது. ஆலன் கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் சகாக்களும் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்து, 1981-ல் மணிகளின் வரிசையை வெளியிட்டார்கள். காயத்தை நோக்கி உயிரணுக்கள் நகர்ந்து போவதற்கு அது உதவுகிறது. இந்தத் தாயை மனிதர்களிடம் ஒழுங்காகவே சோதித்தார்கள். ஆறாத படுக்கைப் புண்ணுக்கும் கால் புண்ணுக்கும் களிம்பாகத் தடவினார்கள். கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தாக விட்டார்கள். புண்ணுக்கான களிம்பு அங்கீகாரம் பெறும் வரையில் போகவில்லை. கண் மருந்தும் 2021-ல் முடிந்த பெரிய சோதனையில் முன்கூட்டிக் குறித்த இலக்கை எட்டவில்லை.

டி.பி. 500 இந்தத் தாயும் அல்ல. தாயின் 43 மணிகளில் ஏழு மணிகளை மட்டும் நறுக்கி எடுத்த துண்டு. பந்தயக் குதிரைகளுக்குப் போடுகிறார்கள் என்பதற்காக, ஹாங்காங் பந்தயக் கழகத்தின் சோதனைச்சாலை 2012-லேயே குதிரையின் மூத்திரத்தில் இதைக் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டது. தாயே பரீட்சையில் தேறவில்லை. துண்டு பரீட்சைக்கே போகவில்லை!

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஜி.எச்.கே. மூன்றே மணிகள், கூடவே தாமிரம். 1973-ல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்கர் மனித இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார். முகப் பூச்சுக்களில் பல வருஷங்களாகச் சேர்க்கிறார்கள். தோலின் மேல் பூசிக்கொள்வது ஒரு விஷயம். ஊசியில் ஏற்றி உள்ளே செலுத்துவது வேறு விஷயம். பூச்சுக்குக் கிடைத்த நல்ல பெயரை ஊசிக்கும் எழுதி வைத்துவிடுகிறார்கள்.

பரீட்சை எழுதிய இருவர்

"எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் காயம் ஆற்றும் பெப்டைடே கிடையாதா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அவற்றைச் சற்று உற்றுப் பார்த்தால், மற்றவற்றை எப்படி எடைபோடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலாவது, டெரிபாரடைடு. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனில் 84 மணிகள். அதில் முதல் 34 மணிகள்தான் இந்த மருந்து. எலும்பு தேய்ந்து பலவீனமானவர்களுக்காக 2002-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நம் ஊர் டாக்டர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். முறிந்த எலும்பையும் இது சீக்கிரம் கூட்டுமா என்று பார்க்க, மாதவிடாய் நின்ற 102 பெண்மணிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோருக்கும் மணிக்கட்டு முறிவு. ஒரு பிரிவுக்கு வெறும் ஊசி. ஒரு பிரிவுக்கு 20 மைக்ரோகிராம். இன்னொரு பிரிவுக்கு 40. முடிவு 2010-ல் வெளிவந்தது. வெறும் ஊசிக்காரர்களுக்கு எலும்பு கூட 9.1 வாரம் பிடித்தது. 20 மைக்ரோகிராம் பெற்றவர்களுக்கு 7.4 வாரம். 40 பெற்றவர்களுக்கோ 8.8 வாரம்! ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருந்தது 40-ஐத்தான். இரண்டு பங்கு மருந்து இரண்டு பங்கு பலன் தரும் என்ற கணக்கு மனித உடம்பில் பலிக்கவில்லை. எலும்பு முறிவைக் கூட்டும் மருந்து என்ற அங்கீகாரமும் இதற்குக் கிடைக்கவில்லை. தேகப் பயிற்சிக் கூடத்தில் அளவைத் தாமே நிர்ணயித்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, பெகாப்ளெர்மின். இதைப் பெப்டைடு என்பதைவிடப் புரதம் என்பதே சரி, மாலை நீளமானது. சர்க்கரை வியாதிக்காரர்களின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு 1997-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற களிம்பு. 382 பேரைக் கொண்ட சோதனையில், இந்தக் களிம்பைத் தடவிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு 20 வாரத்தில் புண் முழுவதும் ஆறிற்று.

நூற்றுக்கு 50! இந்த 50 பேரையும் கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வார்கள்? "இந்தக் களிம்புதான் என் காலைக் காப்பாற்றியது" என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் அதே சோதனையில், மருந்தே கலக்காத வெறும் களிம்பைத் தடவிக்கொண்டவர்களும் இருந்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து, காலுக்குப் பாரம் கொடுக்காமல் வைத்து, இரு பிரிவினரையும் ஒரே மாதிரி கவனித்தார்கள். வெறும் களிம்புக்காரர்களில் எத்தனை பேருக்கு ஆறிற்று தெரியுமா? நூற்றுக்கு 35 பேருக்கு.

அதாவது, 50 பேரில் 35 பேருக்கு மருந்து இல்லாமலே ஆறியிருக்கும். மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் 15 பேர்தான். அந்த 15 பேருக்கு அது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் யார் அந்த 15 பேர், யார் அந்த 35 பேர் என்று அவர்களுக்கே தெரியாது. ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் இந்தக் கணக்கு வெளிவந்தது.

இதுதான் சமாசாரத்தின் மர்மம். உடம்பு தானே காயத்தை ஆற்றிக்கொள்ளும் வேலையை ஓயாமல் செய்கிறது. மேலும், வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடி ஓடுகிறோம். உச்சிக்குப் போனது எப்படியும் இறங்கத்தானே வேண்டும்? 'மருந்து சாப்பிட்டால் ஜலதோஷம் ஏழு நாளில் போகும். சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் ஆகும்' என்பார்களே, அந்தக் கதைதான். "எனக்குக் குணமாயிற்று" என்று நண்பன் சொல்வது பொய் அல்ல. எதனால் குணமாயிற்று என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

எலியின் சாட்சியம்

எலியையும் குறை சொல்வதற்கில்லை. அது பாவம், தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. ஆனால் சோதனைச்சாலை எலி, வியாதி இல்லாத எலி. அதன் நாணைக் கூரிய கத்தியால் நேராக அறுக்கிறார்கள். நமக்கோ, பல வருஷம் தேய்ந்து நைந்த நாண். மாடிப்படி ஏறியும், வண்டி உதைத்தும், தரையில் சம்மணமிட்டும் உழைத்த முழங்கால். இரண்டும் ஒன்றாகுமா?

எலி இரண்டு பக்கமும் நம்மைத் திசை திருப்பும். டெரிபாரடைடை எலிகளுக்கு அதிக அளவில், ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் கொடுத்தபோது எலும்பில் புற்றுநோய் வந்தது. அதனால் 2002-லேயே மருந்துடன் கடுமையான எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தார்கள். பிறகு பல வருஷங்கள் மனிதர்களைக் கவனித்து வந்ததில் அப்படி ஒன்றும் கூடவில்லை. 2020-ல் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். எலிக்கு வந்த கெடுதல் மனிதனுக்கு வரவில்லை. அப்படியானால், எலிக்குக் கிடைத்த நன்மை மட்டும் மனிதனுக்குக் கட்டாயம் கிடைத்துவிடுமா?

புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் பொருளைப் பற்றி டாக்டர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. காயத்துக்கு இரத்தம் வேண்டும். வளரும் கட்டிக்கும் அதே இரத்தம் வேண்டும். பெகாப்ளெர்மின் களிம்புக்கும் 2008-ல் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை போட்டு, மேலும் தகவல் சேர்ந்த பிறகு 2018-ல்தான் நீக்கினார்கள். பத்து வருஷக் காவல்! வுல்வரீன் ஜோடிக்கு அப்படிக் காவல் நின்று பார்த்தவர் யாரும் இல்லை.

மெல்போர்னில் நடந்தது

"சரி, பலன் இல்லாவிட்டால் பணம்தானே போகும்?" என்று பையன் சொல்லலாம். பணம் மட்டும் போவதில்லை. அதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

மெல்போர்ன் நகரில் எஸ்ஸென்டன் என்று பழம்பெரும் கால்பந்துச் சங்கம். 2012-ம் வருஷப் பந்தயங்களுக்காக அதன் ஆட்டக்காரர்களுக்கு, களைப்பும் காயமும் சீக்கிரம் தீரட்டும் என்று, ஊசித் திட்டம் ஒன்று நடந்தது. ஆட்டக்காரர்கள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் 'தைமோஸின்' என்று இருந்தது. எந்தத் தைமோஸின்? அந்தப் பெயரில் பல சரக்குகள் உண்டு. சிலவற்றுக்குத் தடை இல்லை, பீட்டா 4-க்குத் தடை உண்டு. யாருக்கு எந்த நாளில் எது செலுத்தப்பட்டது என்பதற்கு ஒழுங்கான பதிவே இல்லை.

2015 மார்ச்சில் ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் தீர்ப்பு மன்றம், குற்றம் திருப்தியாக நிரூபணமாகவில்லை என்றது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அப்பீல் செய்தது. 2016 ஜனவரியில் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம், அது தைமோஸின் பீட்டா 4-தான் என்று தீர்மானித்து, இந்நாள், முன்னாள் ஆட்டக்காரர்கள் 34 பேருக்குத் தடை விதித்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வருஷம் முழுவதும் வீணாயிற்று. சங்கத்தின் தலைவராக இருந்த ஜோப் வாட்ஸன், 2012-ல் தாம் பெற்ற பிரௌன்லோ பதக்கத்தையே இழந்தார். சிறந்த ஆட்டக்காரருக்கு அந்நாட்டில் கொடுக்கும் மிக உயர்ந்த கௌரவம் அது. "சட்டத்துக்கு உட்பட்டது என்று சொன்னார்களே, நம்பினோமே!" என்ற வாதம் எடுபடவில்லை. தன் உடம்பில் என்ன ஏறுகிறது என்பதற்கு ஆட்டக்காரனே பொறுப்பு.

டி.பி. 500 அந்தத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. பி.பி.சி. 157-ஐயும் 2022 முதல் சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டுத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் இதே பட்டியலைத்தான் பின்பற்றுகிறது. ஜில்லா அணியிலிருந்து மாநில அணிக்குப் போகத் துடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஒரு விஷயத்தையாவது இன்றே சொல்லிவையுங்கள்.

2023-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், டாக்டரின் சீட்டுக்கேற்பத் தாமே மருந்து தயாரித்துக் கொடுக்கும் மருந்தகங்களுக்காக ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆபத்து இருக்கலாம் என்று அதில் குறித்த பொருள்களில் பி.பி.சி. 157, தைமோஸின் துண்டு, ஊசியாகப் போடும் ஜி.எச்.கே. மூன்றும் இருந்தன. காரணம், மாலை கோக்கும்போது தவறிக் கோத்த மணிகள் அசுத்தமாகக் கலந்திருக்கலாம். உடம்பு அதை அந்நியன் என்று எண்ணி எதிர்த்துக் கிளம்பலாம். மனிதர்களிடம் பத்திரமானதா என்பதற்குப் போதிய தகவல் இல்லை.

பொறுமையின் பலன்

அப்படியானால் நொண்டுகிற பிள்ளைக்கு என்ன வழி? முதலில் நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டி, கிழிந்தது எது, நைந்தது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக அறுந்த நாண் வேறு. நாள்பட்ட வலி வேறு. நாள்பட்ட குதிகால் நாண் வலிக்கு, ஸ்வீடன் தேசத்து உமேயோ நகரிலிருந்து ஒரு ருசிகரமான வைத்தியம் வந்தது.

ஹோகன் ஆல்ஃப்ரெட்ஸன் என்ற எலும்பு டாக்டருக்கே அந்த வலி. ஆபரேஷன் செய்யும்படி மேலதிகாரியைக் கேட்டார். "அதற்குத் தகுந்த அளவு கெடவில்லை" என்று அவர் மறுத்துவிட்டார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. 'நானே கெடுத்துக் காட்டுகிறேன்' என்று, வலியைப் பொருட்படுத்தாமல் குதிகாலுக்குப் பாரம் கொடுக்கத் தொடங்கினார். நாண் அறவில்லை, வலிதான் போய்விட்டது! பிறகு அதையே முறையாக்கி, நாள்பட்ட வலியுள்ள 15 பேருக்குக் கொடுத்து, 1998-ல் வெளியிட்டார். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று; மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும். நாளொன்றுக்கு 180 தடவை; 12 வாரம். 15 பேரும் மறுபடி ஓடினார்கள்.

"இதுவும் 15 பேர்தானே?" என்று மடக்கினீர்களானால் உங்களுக்கு என் பாராட்டு, இந்தக் கட்டுரை வீண் போகவில்லை! ஆனால் இந்த விஷயம் 15 பேரோடு நின்றுவிடவில்லை. பல தேசங்களில் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். எல்லோருக்கும் பலிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். இருந்தும், படிப்படியாகப் பாரம் ஏற்றும் பயிற்சியே இன்று இந்த வலிக்கு முதல் சிகிச்சை. நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மெல்லத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பெரிய கிழிசலானால் அந்த வேலை ஒரு வருஷத்துக்கு மேலும் நடக்கும். பாரம் கொடுத்தால்தான் இழைகள் சரியான திசையில் அமையும். இந்தப் பயிற்சியைக் குப்பியில் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் இதற்கு விளம்பரம் இல்லை.

கடைசியாக, குப்பி எதுவானாலும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதனுள் இருப்பது சரியாக எந்தப் பொருள், தயாரித்தவர் யார்? மருந்து இல்லாத வெறும் ஊசியோடு ஒப்பிட்டு மனிதர்களிடம் சோதித்தார்களா, வெறும் ஊசிக்காரர்களில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று? ஏதாவது விபரீதம் ஆனால் பதில் சொல்பவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் சீட்டிலேயே பொடி எழுத்தில் இருக்கும்: 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல.' விற்கிறவர் மற்றதையெல்லாம் எப்படிச் சொன்னாலும் அந்த ஒரு வரியில் உண்மை சொல்லியிருக்கிறார். அதை மட்டும் தாராளமாக நம்பலாம்!